சலாலா மலையில் ஒரு லேசான பாதை

சுண்டு விரலின் நுனி பாரம் இழுக்கிற வின்ச்சுக் கம்பியில் மாட்டித் துண்டாகிப் போன அன்று அவர் முதலில் கேட்டது டீ. ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் கம்பெனி யார்டு. மணலில் ரத்தம் சொட்டுகிறது. நாங்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவரோ தோளில் கிடந்த துண்டைப் பல்லால் கடித்துக் கிழித்து விரலைச் சுற்றிக்கொண்டு, "என்னவே பேயறைஞ்ச மாதிரி நிக்கீங்க? கொஞ்சம் ஓவரா நகம் வெட்டுன மாதிரிதான். இதுல என்னவே இருக்கு? டீ இன்னும் வரலையா?" என்றார். அன்றைக்கு டியூட்டியை முழுசாக முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"இதுல என்னவே இருக்கு?" ஆள் மொத்தமும் இந்த ஒரு வாக்கியம்தான். பெயர் எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். எழுதினால் அவர் பிள்ளைகள் கண்ணில் படும், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள். சாத்தான்குளம் பக்கத்து ஆள், ரோடு போடுகிற கம்பெனியில் ஃபோர்மேன், எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. நான் தென்காசிக்காரன். அந்தக் கம்பெனியில் டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு டியூட்டிக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான் என்று எழுதுவது வேலை. எழுதத் தெரியாதவர்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது வேலைக்கு மேல் வந்து சேர்ந்த வேலை.

அவரைப் பற்றி இன்றைக்கும் நல்லதாகப் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். பொய்யும் இல்லை. புதிதாக வந்து இறங்குகிற பையன்கள் முதல் வாரம் ரூம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுவார்கள். அண்ணாச்சி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். "ரெண்டு வருசம்னு நெனைச்சாத்தாம்லே மலைப்பா இருக்கும். ரெண்டு தீவாளி, ரெண்டு பொங்கல். மொத்தம் நாலே நாளு. நாலு நாளு இருக்க மாட்டியா?" அழுதவன் சிரித்துவிடுவான். அந்தக் கணக்கு என்னையும் ஒரு வருஷம் தாங்கியது, மறுக்க மாட்டேன். நாற்பத்தெட்டு டிகிரி வெயிலில் தார் ஊற்றும்போது, "ஊர்ல அம்மனுக்குத் தீ மிதிக்கல? அங்க சும்மா மிதிக்கோம், இங்க சம்பளம் குடுக்கான்" என்பார். எதையும் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சுருட்டிக் கொடுத்துவிடுவார். வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

என் அப்பா இறந்த தந்தி வந்ததும் அவர் கையில்தான். காலையில் வந்த தந்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நாள் முழுக்க என்னோடு வேலை பார்த்திருக்கிறார். சாயங்காலம் மெஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோ, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று வற்புறுத்தினார். நான் கை கழுவி வந்ததும்தான் தந்தியை எடுத்து நீட்டினார். "வயசாளி. படுக்காம கொள்ளாம போயிட்டாரு. நீ போய்ச் சேருமுன்ன எல்லாம் முடிஞ்சிரும். இனிமே இதுல என்னவே இருக்கு?" என்றார். அப்போது அதை நான் பெரிய மனசு என்று நினைத்தேன். எனக்காக ஒரு நாள் முழுக்க அந்தத் தந்தியைச் சுமந்தாரே என்று நெகிழ்ந்துபோனேன். என் அப்பா செத்த அன்று நான் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன் என்பது மெல்லத்தான் உறைத்தது. அது என் துக்கம். அதை அளந்து, குறைத்து, வேளை பார்த்துக் கொடுக்க இவர் யார்?

இந்தக் கேள்வி அப்போதே வாயில் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை.

எழுபத்தேழில் எங்கள் கம்பெனிக்கு ஓமானில், சலாலாவுக்கு மேலே மலையில் ரோடு போடுகிற வேலை கிடைத்தது. நாற்பது பேரை அள்ளிக்கொண்டு போனார்கள். நான் போனேன், அண்ணாச்சி போனார், செல்லையாவும் வந்தார். செல்லையா பரமக்குடிப் பக்கத்து ஆள், முப்பது முப்பத்திரண்டு வயசு, சங்கிலி பிடித்துத் தூரம் அளக்கிற வேலை. சிரித்தால் வாய் காது வரை போகும். ஊரில் மனைவி, ஒரு பெண் குழந்தை. வாரம் ஒரு கடிதம் என்னிடம் எழுதிக்கொள்வார். "நல்லா இருக்கேன்னு எழுது தம்பி. அப்புறம் என்னத்தையாச்சும் நீயே எழுது" என்பார். அந்தக் குழந்தைக்கு முதல் பல் முளைத்ததிலிருந்து எனக்குத் தெரியும்.

ஜூன் பிறந்ததும் சலாலாவில் ஒரு அதிசயம் நடந்தது. அதுவரை மொட்டையாக, எலும்பு தெரியக் கிடந்த மலை மேல் கடலிலிருந்து மேகம் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிறகு நகரவே இல்லை. ஊசித் தூற்றல், நாள் முழுக்க. பதினைந்தே நாளில் மலை பச்சையாகிவிட்டது. வளைகுடாவில் பச்சை என்றால் கம்பெனி லாரியின் பெயிண்ட்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த கூட்டம் நாங்கள். இது எங்கள் குற்றாலத்துச் சாரல் அல்லவா! ஆடிக் காற்றும் சாரலும் அப்படியே கப்பலேறி அரபிக்காரன் மலைக்கு வந்து சேர்ந்துவிட்டதா என்று கேம்ப் வாசலில் நின்று சட்டையோடு நனைந்தேன். பைத்தியம் என்றார்கள்.

வெள்ளைக்காரக் கேம்ப் பாஸ் மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த மலையில் சண்டை முடிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, புதைத்த கண்ணிவெடிகள் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன, சைட்டை விட்டு மலைக்குள் எவனும் போகக் கூடாது, போனால் அடுத்த விமானத்தில் ஊருக்கு. நாங்கள் தலையாட்டினோம். அண்ணாச்சியும் ஆட்டினார். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் என்னிடம் வந்து, "நாளைக்கு மேல ஒரு சுனைக்குப் போறோம்வே. சர்வே சமயத்துல நான் பாத்து வச்ச எடம். லேசான பாதை. புள்ளத்தாச்சிகூட நடந்துருவா" என்றார்.

"கண்ணிவெடி அண்ணாச்சி?"

"மாடு போற பாதை அது. வெடி இருந்தா மாடு இருக்குமாவே? கேக்கான் பாரு கேள்வி."

மறுக்க முடியாத மாதிரிதான் எப்போதும் பேசுவார்.

வெள்ளிக்கிழமை லீவு. சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஐந்து பேர் பிக்கப்பில் ஏறினோம். அண்ணாச்சி, நான், செல்லையா, நாகர்கோவில் பக்கத்துக் கொத்தனார்கள் இருவர். ஸ்டவ், அரிசி, பருப்பு, ஒரு கோழி. ஏறும்போது செல்லையா கையில் அட்டைப் பெட்டி. கம்பெனி கொடுத்த புது சேஃப்டி ஷூ. அதை அவர் அதுவரை போட்டதே இல்லை. அவர் மட்டுமா? எங்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். சைட்டில் பிய்ந்துபோன பழசைக் கம்பி வைத்துக் கட்டிப் போட்டுக்கொள்வோம். புதுசு பெட்டி பிரியாமல் கட்டிலுக்கடியில் இருக்கும், லீவில் போகும்போது மச்சானுக்கோ தம்பிக்கோ. அவனவன் கால் வெந்து கொப்புளம் வெடித்தாலும் சரி, மச்சான் பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் இங்கிலீஷ் ஷூ போட்டு நடக்க வேண்டும். என்ன பிழைப்போ!

"காடுங்கிறீகளே அண்ணாச்சி, போட்டுக்கிருவமான்னு பாத்தேன்" என்றார் செல்லையா.

"புதுசைச் சேத்துல போட்டு நாசம் பண்ணவா? கொண்டு போயி வையும்வே. செருப்பு போதும். அங்க என்ன இருக்கு?"

செல்லையாவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. சந்தோஷமாக ஓடிப்போய்ப் பெட்டியை ரூமில் வைத்துவிட்டு ரப்பர் செருப்போடு வந்தார். அண்ணாச்சி காலில் ஷூ இருந்தது. நான் பார்த்தேன். அதில் எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை.

ரோடு முடிகிற இடத்தில், பிக்கப்பை ஓட்டி வந்த பாகிஸ்தான் பட்டாணி டிரைவர் அதிலேயே தூங்கப் படுத்துவிட்டான். நாங்கள் நடந்தோம். அந்த முதல் முக்கால் மணி நேரத்தை என்னால் இன்றும் பழிக்க முடியவில்லை. அது எனக்கே அவமானமாக இருக்கிறது. பாதை உண்மையிலேயே லேசானதுதான். மலையின் இடுப்பில் அரைஞாண் மாதிரி வளைந்து வளைந்து போனது. செம்மண் சேறு, அதில் மாட்டுக் குளம்புத் தடம், தடத்துக்குள் தண்ணீர். இரண்டு பக்கமும் மரங்கள் மேகத்துக்குள் நின்றன, இருபதடிக்கு மேல் எதுவும் தெரியாது. கிளையெல்லாம் பாசி. மழை பெய்யவில்லை. மரம்தான் பெய்தது. இலையிலிருந்து இலைக்கு இறங்கி இறங்கிச் சொட்டுகிற சத்தம் காடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. "இது அத்திடே!" என்றான் ஒரு கொத்தனார். "இது இலந்தை!" என்றான் மற்றவன். பெயர் தெரிந்த மரத்தைப் பார்த்ததும் ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி போய்த் தொட்டுப் பார்த்தார்கள். மேகத்துக்குள்ளிருந்து நாலு குட்டைப் பசுக்கள் வந்து எங்களை உற்றுப் பார்த்துவிட்டுப் போயின. செல்லையா அவற்றைக் கும்பிட்டார். எல்லோரும் சிரித்தோம். அண்ணாச்சி முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் தோப்பைச் சுற்றிக் காட்டுகிறவர் மாதிரி நடந்தார்.

பாதைக்குக் கீழே பதினைந்தடி தள்ளி அந்தப் புளியமரம் நின்றது. முதலில் பார்த்தது செல்லையாதான். கிளை தாழ்ந்து, நுனியெல்லாம் இளஞ்சிவப்பில் கொழுந்து. எங்கள் கேம்ப் மெஸ்ஸில் ரொட்டியும் ஆட்டுக்கறியும் பருப்பும்தான். புளி என்பது லீவில் போனவன் கொண்டு வந்தால் உண்டு. அது தீர்ந்தால் நாக்கு செத்துக் கிடக்கும். "புளியங்கொழுந்து!" என்று கத்திவிட்டு மனுஷன் பாதையை விட்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டார்.

நாங்கள் அப்படியே உறைந்து நின்றோம். ஒவ்வொருத்தன் மனசிலும் கண்ணிவெடிதான். "செல்லையாண்ணே! நில்லுங்க!" என்று கத்தினேன். அவர் இடுப்பளவு புல்லில் நீந்துகிற மாதிரி போய் மரத்தடியில் நின்று, திரும்பி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். ஒன்றும் வெடிக்கவில்லை. எங்களுக்கு மூச்சு வந்தது.

"பாத்தீங்களாவே? இதுல என்ன இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

மடி நிறையக் கொழுந்தோடு செல்லையா ஏறி வந்தார். பாதைக்கு வந்ததும் குனிந்து வலது பாதத்தைத் தேய்த்தார். "என்னமோ சுருக்குனு குத்திருச்சு அண்ணாச்சி. பாம்பு கீம்பா இருக்குமோ?"

அண்ணாச்சி உட்கார்ந்து பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். கட்டை விரலுக்குப் பக்கத்தில், செருப்பு வாரை ஒட்டி, ஒரு புள்ளி. ஒரு துளி ரத்தம். "பாம்புன்னா ரெண்டு பல்லு படும்லே. இது இலந்தை முள்ளு. இந்தக் குளிர்ல பாம்பு எங்க வெளிய வரும்? எந்திரி." அவ்வளவு பெரிய கண்ணிவெடியே இல்லையென்று ஆனபிறகு ஒரு முள்ளை யார் சட்டை செய்வார்கள்? தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நானே சொன்னேன். நான்தான் சொன்னேன். எழுதி வைக்கிறேன்.

சுனைக்குப் போய்ச் சேர இன்னும் கால் மணி நேரம். செல்லையா கடைசியில் நொண்டிக்கொண்டே வந்தார். போனதும் ஸ்டவ் பற்றவைத்து, கோழி வெந்து, சோறு வடித்து எல்லாம் நடந்தது. கொத்தனார்கள் கொழுந்தைக் கல்லில் வைத்து உப்பும் மிளகாயும் சேர்த்து நசுக்கினார்கள். செல்லையா பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதம் கணுக்கால் வரை வீங்கிவிட்டது. "எரியுது தம்பி. தீ வச்ச மாதிரி எரியுது" என்று என்னிடம் சொன்னார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

"போயிருவமா அண்ணாச்சி?"

"முள்ளு குத்துனா வீங்கத்தான் செய்யும். சோத்தைத் தின்னுட்டுப் போவோம். போட்டது போட்டபடி ஓடுனா கேம்ப்ல என்னன்னு சொல்லுவே? பெருசு பண்ணாத."

அதுதான் விஷயம். சந்தைக்கு என்று சொல்லிவிட்டு மலைக்கு வந்திருக்கிறோம். ஒருவனைத் தூக்கிக்கொண்டு போனால் பாஸுக்குத் தெரியும், அண்ணாச்சிக்கு அடுத்த விமானம். அவர் வாயிலிருந்து அதுவரை வந்த "இதுல என்னவே இருக்கு"களெல்லாம் எங்களுக்காக என்று நினைத்திருந்தேன். இது யாருக்காக என்று அந்தச் சுனைக்கரையில் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் இலையை விரித்து உட்கார்ந்தேன். சாப்பிட்டோம். அந்தத் துவையல் அமிர்தமாக இருந்தது. செல்லையா ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார். துப்பியதில் ரத்தம். பல் ஈறெல்லாம் சிவந்திருந்தது.

"பாருங்கவே, மாப்பிள்ளை வெத்தலை போட்டுருக்காரு!" என்றார் அண்ணாச்சி.

எல்லோரும் சிரித்தோம். செல்லையாவும் சிரித்தார். அந்தச் சிவந்த வாயோடு காது வரைக்கும் சிரித்தார். கடவுளே.

திரும்பும்போது வீக்கம் முழங்கால் வரை ஏறியிருந்தது. ஒரு கம்பை வெட்டிக் கையில் கொடுத்து, "நட. நடந்தா ரத்தம் ஓடி வீக்கம் வத்திரும்" என்று அண்ணாச்சி வைத்தியம் சொன்னார். அவர் முன்னால், அவருக்குப் பின் கொத்தனார்கள், பின்னால் நான், கடைசியில் செல்லையா. வந்தபோது அழகாக இருந்த அந்த மேகம் இப்போது வழியை அடைத்தது. முன்னால் போகிற ஆளின் முதுகு மட்டும்தான் தெரியும். பின்னாலிருந்து, "அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க" என்று கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம். அண்ணாச்சி திரும்பாமலே, "இந்தா வந்தாச்சுவே, அடுத்த வளைவுதான்" என்றார். அடுத்த வளைவு, அடுத்த வளைவு என்று அவர் சொல்லச் சொல்ல நடந்தோம்.

பாதி வழியில் மாடு மேய்க்கிற மலைக்காரன் ஒருவன் எதிரே வந்தான். நீலக் கச்சை, தோளில் கம்பு. எங்களைத் தாண்டிப் போனவன் செல்லையாவைப் பார்த்ததும் நின்றுவிட்டான். குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தான். எங்களைப் பார்த்துக் கூச்சல் போட ஆரம்பித்தான். அவன் பாஷை எங்களுக்குப் புரியாது, ஆனால் அவன் கை பேசியது. முன்னங்கையைத் தரையில் நெளியவிட்டுச் சட்டென்று கொத்திக் காட்டினான். "மாஃபி இம்ஷி! மாஃபி இம்ஷி!" நடக்கக் கூடாது என்கிறான். பிறகு செல்லையாவுக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குந்திக்கொண்டு, ஏறு ஏறு என்று தன் தோளைத் தட்டினான். முன்பின் தெரியாத ஆள், எங்கள் பெயர்கூடத் தெரியாத ஆள், சேற்றில் குந்திக்கொண்டு முதுகைக் காட்டுகிறான்.

அண்ணாச்சி திரும்பி வந்தார். "கலாஸ் பாய், கலாஸ். ஆஸ்பத்திரி, சையாரா, யல்லா" என்று, போதும், வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்கிற மாதிரி அவன் தோளைத் தட்டி எழுப்பிவிட்டார். எங்களிடம், "காட்டுப்பய, எதைக் கண்டாலும் பாம்பும்பான். பிக்கப்பு பக்கத்துலதான் நிக்கி. நடங்க" என்றார். நாங்கள் நடந்தோம். அந்த மலைக்காரன் பாதையில் நின்று கத்திக்கொண்டே இருந்தான். மேகத்துக்குள் அவன் மறைந்த பிறகும் அந்தக் குரல் வந்துகொண்டிருந்தது.

பிக்கப்பை அடைந்தபோது செல்லையா கீழே விழுந்தார். பிறகு தூக்கித்தான் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் இருந்த மலையாளி நர்ஸ் காலைப் பார்த்ததும், "நடந்தா வந்தது? இந்தக் காலோடயா?" என்று கேட்டாள். விரியன் வகை என்றார் டாக்டர். ஒரு பல்தான் பட்டிருக்கிறது, மற்றது செருப்பு வாரில் இறங்கியிருக்கிறது, கடித்த இடத்திலேயே படுக்க வைத்துத் தூக்கி வந்திருந்தால் ஆளைக் காப்பாற்றியிருக்கலாம், இனிமேல் கஷ்டம் என்றும் சொன்னார். மறுநாள் மத்தியானம் வரைக்கும் கிடந்தார். கால் கறுத்தது, தொடை வெடித்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் அலறியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இரண்டு மணிக்கு அடங்கியது.

ஆஸ்பத்திரி வாசலில் தூற்றல். அண்ணாச்சி சுவரோரமாக நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். "நீங்கதான் கொன்னீங்க அண்ணாச்சி. அந்தாளைத் தூக்காம நடக்க விட்டுக் கொன்னீங்க" என்றேன். என் வாழ்க்கையில் அவரை எதிர்த்துச் சொன்ன ஒரே வாக்கியம்.

அவர் கோபப்படவில்லை. என்னை நன்றாகப் பார்த்தார். "சரிவே. நான்தான்னே வச்சுக்கோ" என்றார். பீடியைச் சுவரில் தேய்த்து அணைத்தார். "செத்தவன் செத்துட்டான். இனிமே அதுல என்ன இருக்கு?"

தன் விரலைப் பற்றிச் சொன்ன அதே குரலில் தான் செய்த கொலையையும் சொன்னார். அந்த மனுஷனுக்கு எதுவும், எதுவுமே பெரிசில்லை என்று அப்போது விளங்கியது. தைரியம் என்று நாங்கள் கும்பிட்டது தைரியமே இல்லை. வலி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே அவருக்கு வெறும் கட்டாந்தரை.

செல்லையா தானாகவே மலைக்குப் போனதாகக் கேம்ப் பாஸிடம் சொல்லப்பட்டது. ஊருக்குக் கடிதம் எழுத அண்ணாச்சி என்னைத்தான் உட்கார வைத்தார். அவர் சொல்ல நான் எழுதினேன். காற்றாட நடக்கப் போன இடத்தில் சிறிய பூச்சிக்கடி. காலில் விஷம் ஏறியது தெரியாமல் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வலி, வேதனை எதுவும் கிடையாது. கடைசிவரை சிரித்த முகம். முழுப் பூசணிக்காயை என் கையாலேயே சோற்றில் மறைத்தேன். என் எழுத்து அழகாக இருக்கும் என்பார்கள். அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது. கீழே அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார்.

ஆறு மாதம் கழித்து எனக்கு லீவு வந்தது. கிளம்பும்போது அண்ணாச்சி, "பரமக்குடி போயி அந்தப் புள்ளையப் பாத்துட்டு வா. அழுவா. அழுது முடிக்கட்டும். நீ பெருசு பண்ணாத" என்று சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல். கருவேலங்காட்டுக்குள் ஓட்டு வீடு. செல்லையாவின் மனைவி என்னைப் பார்த்ததும் அழவில்லை. நான் எழுதிய கடிதங்களையெல்லாம் வரிசையாக அடுக்கி ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தார். கடைசிக் கடிதத்தை மட்டும் வெளியே எடுத்தார்.

"அந்த அண்ணாச்சி மகராசனா இருக்கணும் தம்பி. வலியில்லாமப் போனாருன்னு ஒரு வார்த்தை எழுதுனாரே, அத வச்சுத்தான் ஆறு மாசமா கெடக்கேன். ஊர்ல எல்லார்ட்டயும் படிச்சுக் காட்டச் சொன்னேன்" என்றார். பிறகு கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "ஆனா உடம்பு வந்தப்ப அந்தக் காலை நான் பாத்தேன் தம்பி. துணியை வெலக்கிப் பாத்தேன். பூச்சி கடிச்ச காலா அது? நெசமா சொல்லு. ஒருத்தராச்சும் நெசத்தைச் சொல்லுங்க" என்றார்.

அண்ணாச்சி சொல்லி அனுப்பியது நாக்கு நுனியில் நின்றது. ஒண்ணுமில்லக்கா என்று ஆரம்பித்தால் போதும், மீதி தானாக வரும். அந்த அம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். புளியமரம், சுனைக்கரை, வெற்றிலை, மலைக்காரன், கட்டில் கம்பி. ஒன்றையும் விடவில்லை. குழந்தை வந்து மடியில் ஏறியது, இறங்கிப் போனது.

"நடந்து வரயில ஒண்ணும் சொல்லலையா அவுக?"

"அண்ணாச்சி நில்லுங்கன்னு ரெண்டு தடவை கூப்பிட்டாருக்கா."

"அப்புறம்?"

இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு மேகத்துக்குள் எனக்கு மட்டுந்தான் அது கேட்டது. எனக்குப் பின்னால் நாலடி தூரத்தில்தான் அவர் வந்தார்.

"'தம்பி, நீயாச்சும் நில்லு'ன்னாருக்கா."

"நின்னியா?"

"இல்லக்கா" என்றேன்.